ராத்திரி ஒரு மணி வரை கொரியன் தொடர்: விட்டுவிடணுமா டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 37. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. ஒன்பது வயதில் மகள், நான்கு வயதில் மகன். காலை 5 மணிக்கு எழுந்தால் சமையல், டிபன் பாக்ஸ், ஸ்கூல் வேன், ஆபீஸ், வந்ததும் ஹோம்வொர்க், தோசை என்று ஓடி, பிள்ளைகள் தூங்க 10 மணி ஆகிவிடும். அதற்கப்புறம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தமிழில் டப் செய்த கொரியன் தொடர்களைப் போனில் பார்ப்பேன். ஒரே ஒரு எபிசோட் என்று ஆரம்பித்து மணி ஒன்று ஆகிவிடுகிறது. நாலு மாதமாகக் காலையில் தலைவலி, கழுத்து வலி, கண் எரிச்சல். மதியம் கம்ப்யூட்டர் முன்னால் தூங்கி வழிகிறேன், பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன். 'எல்லாம் அந்த போனால்தான்' என்கிறார் மாமியார். நீல வெளிச்சத்தைத் தடுக்கும் கண்ணாடி வாங்கட்டுமா? சத்து மாத்திரை போடட்டுமா? இல்லை, பார்ப்பதையே விட்டுவிடட்டுமா? மகளும் கூட உட்கார்ந்து பார்க்கணும் என்கிறாள், விடலாமா?

பதில்: விட வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு என்னிடம் வருகிற அம்மாக்கள் பாதிப் பேர் ஏதோ குற்றம் செய்துவிட்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டுதான் உட்காருகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள், கணக்குப் பிரிவில் இருப்பவர் நீங்கள். ஒரு மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுந்தால் நாலு மணி நேரம். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் இப்படிப் போனாலே 15 மணி நேரம் கடன். ஞாயிற்றுக்கிழமை மதியம் ரெண்டு மணி நேரம் தூங்கினால் வட்டிகூடத் தேறாது. தலைவலி, எரிச்சல், மதியத் தூக்கம் மூன்றுக்கும் இதுவே போதுமான காரணம். இதே தூக்கக் கலக்கத்தோடு ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறீர்கள் என்றால், எனக்குத் தலைவலியைவிட அதுதான் பெரிய கவலை.

உங்கள் பழக்கத்துக்கு ஒரு பெயர்கூட உண்டு. யாரும் தடுக்காமலே, நாளைக்குக் கஷ்டப்படுவோம் என்று தெரிந்தே, படுக்கப் போவதைத் தள்ளிப்போடுவதைப் பற்றி 2014இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். சீனர்கள் இதையே 'பழிவாங்கும் ராவிழிப்பு' என்கிற மாதிரி சொல்வார்கள். பகல் முழுக்க மேனேஜருக்கும் பிள்ளைகளுக்கும் குக்கர் விசிலுக்கும் போய்விடுகிறது, மிச்சமிருப்பது ராத்திரி மட்டும், அதையும் தூக்கத்துக்குக் கொடுத்துவிட்டால் எனக்கென்று என்ன இருக்கு என்கிற கோபம் அது. நியாயமான கோபம்தான், ஆனால் தண்டம் கட்டுவதும் நீங்களேதான். அதனால் தொடரை நிறுத்துவதல்ல மருந்து, அதை ராத்திரியிலிருந்து முன்னால் நகர்த்துவதுதான்.

எப்படி? வாரத்தில் மூன்று நாள், இரவு எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை உங்களுடைய நேரம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுப் பல் தேய்க்க வைத்துப் படுக்க வைப்பது உங்கள் கணவரின் வேலை. ஐபிஎல் மாட்ச் ஏழரைக்குத் தொடங்கிப் பதினொன்றரை வரை போகிறது, அதை யாரும் நோய் என்று என்னிடம் கூட்டிக்கொண்டு வருவதில்லை (நானும் பார்க்கிறவன்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்). நாளைக்கான காய்கறியை முந்தின நாளே நறுக்கி வைத்துவிட்டால், காலையில் ஐந்தரைக்கு எழுந்தால் போதும். பத்தரைக்குப் படுத்தாலே ஏழு மணி நேரம் வந்துவிடும்.

இன்னொரு சூட்சுமம். எபிசோடின் முடிவில் நிறுத்தாதீர்கள், உங்களால் முடியாது, முடியக்கூடாது என்றுதான் அங்கே முடிச்சுப் போடுகிறார்கள். என் அம்மா வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்த காலத்தில் 'தொடரும்' என்று போட்டால் ஏழு நாள் காத்திருக்கத்தான் வேண்டும், இப்போது சில நொடிகளில் அடுத்தது தானாகவே ஓட ஆரம்பித்துவிடுகிறது. அந்தத் தானாக ஓடும் வசதியை செட்டிங்ஸில் போய் அணைத்துவிடுங்கள். அப்புறம், எபிசோடின் நடுவில், கதை கொஞ்சம் ஆறுதலாகப் போகிற இடத்தில் நிறுத்திப் பழகுங்கள். பல கொரியன் தொடர்கள் 16 எபிசோடில் முடிந்துவிடும், எங்கும் ஓடிவிடாது.

கண்ணாடி பற்றி: பணத்தை மிச்சம் பிடியுங்கள். 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2023இல் வெளிவந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் சர்வதேச அமைப்பு) தொகுப்பாய்வு, இந்த நீல வெளிச்சக் கண்ணாடிகள் கம்ப்யூட்டர் பார்ப்பதால் வரும் கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே சொல்கிறது. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்துபோகிறது, கண் காய்ந்து எரிகிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் இருப்பதை 20 நொடி பாருங்கள், நன்றாக இமையுங்கள். நாற்பதை நெருங்குகிறீர்கள், ஒருமுறை கண் பவரையும் சோதித்துவிடலாம். கழுத்துக்கு வைத்தியம் இன்னும் எளிது: தலை சுமார் 5 கிலோ, குனியக் குனிய அந்தச் சுமை கழுத்துக்குப் பல மடங்காகும், அதனால் போனை மடியில் வைக்காமல் கண் உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டில் வையுங்கள், அல்லது டிவியில் பாருங்கள்.

காபி பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் நாலு மணி நேரம் தூங்குகிறவர் காபி இல்லாமல் ஓட்டியிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் ஐந்தரைக்குக் குடித்த காபியில் இருக்கும் காஃபீனில் கிட்டத்தட்ட பாதி, ராத்திரி பத்தரைக்கும் உடம்பில் இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு மேல் வேண்டாம். சாப்பாட்டோடு சேர்த்தும் குடிக்காதீர்கள், இரும்புச்சத்து சேர்வதை அது தடுக்கும்.

சத்து மாத்திரை? சும்மா போடாதீர்கள், முதலில் ரத்தத்தைப் பாருங்கள். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது, நீங்களும் அதில் ஒருவராக இருக்கலாம். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), தைராய்டு, பி12, சர்க்கரை, கூடவே பிபி, இதெல்லாம் பக்கத்து டாக்டரிடமே ஆகிவிடும். குறைவு என்று தெரிந்தால் அதற்கு மட்டும் மாத்திரை.

சரி, எப்போது காத்திருக்கக் கூடாது? திடீரென்று இதுவரை வராத அளவுக்கு மண்டையைப் பிளக்கும் வலி, பார்வை மங்குவது, கை கால் மரத்துப்போவது என்றால் உடனே மருத்துவமனை. தூக்கத்தில் சத்தமான குறட்டை என்று வீட்டில் சொன்னாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். ரெண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தொடர் பார்க்கக்கூட மனசு வரவில்லை என்றால், அது தூக்கப் பிரச்சினை மட்டுமல்ல. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

மகள் விஷயம். வயதுக்கு ஏற்ற தொடரா என்று அதில் போட்டிருக்கும் குறியீட்டைப் பார்த்துவிட்டு, ஞாயிறு மதியம் டிவியில் ஒரு எபிசோட் சேர்ந்து பாருங்கள். ராத்திரியில் வேண்டாம், அவளுக்கு 9 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் தேவை. முடிந்ததும் அவள் 'இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா' என்பாள். 'ஒண்ணுதான்' என்று நீங்கள் சிரிக்காமல் சொல்ல வேண்டும், அதுதான் கொஞ்சம் சிரமம்.