திட்டிய கைதான் குத்துமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கட்சி மாறியவரைத் துரோகி என்று திட்டுகிறோம். தேர்தல் வந்தால் அவரே ஜெயித்துவிடுகிறாரே, எப்படி?

பதில்: திட்டுகிற கூட்டம் வேறு, ஓட்டுப் போடுகிற கூட்டம் வேறு என்பது என் சந்தேகம். சத்தம் பெரும்பாலும் பழைய கட்சிக்காரர்களுடையது. எம்.ஜி.ஆர். 1972-ல் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டார், அடுத்த ஆண்டே திண்டுக்கல் இடைத்தேர்தலில் இரட்டை இலை ஜெயித்தது. காங்கிரஸிலிருந்து வெளியே வந்த வி.பி.சிங் 1988-ல் அலகாபாத்தில் சுயேச்சையாக நின்று வென்றார். இரண்டு பேருமே கணக்குக் கேட்டதால் வெளியே போனவர்கள் என்று ஜனங்கள் நம்பினார்கள், அப்புறம் துரோகிப் பட்டம் எங்கே ஒட்டும்?

கேள்வி: சரி, சும்மா தாவியவர்கள்?

பதில்: அது வேறு கதை. 2019-ல் கர்நாடகத்தில் தகுதி நீக்கமான எம்.எல்.ஏ.க்கள், உச்ச நீதிமன்றம் போட்டியிட அனுமதித்ததும், பா.ஜ.க. டிக்கெட்டில் நின்று 11 பேர் திரும்பி வந்தார்கள். அதே வருடம் இங்கே தமிழ்நாட்டில், தினகரன் பக்கம் போனதால் 18 அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் பதவி இழந்த தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் நடந்தது, தினகரனின் அ.ம.மு.க.வுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. இத்தனைக்கும் தினகரன் 2017-ல் ஆர்.கே.நகரில் குக்கர் சின்னத்தோடு தனியாளாக நின்று 40 ஆயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தவர். அங்கே போன இடம் ஆளும் கட்சி, இங்கே போன இடத்தில் ஆட்சி இல்லை. தொகுதிக்கு ரோடு யார் போடுவார்கள் என்று ஜனங்களும் பார்க்கத்தானே செய்வார்கள்!