“ரிவ்யூ எழுதத்தான் வாங்குகிறேன்” என்று பிள்ளை சொன்னால்

அம்மா, பிளஸ் டூ படிக்கும் மகன் அடிக்கடி கேம் வாங்கப் பணம் கேட்கிறான், ஏன் என்றால் “ரிவ்யூ எழுதத்தான்” என்கிறான், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவன் கடைசியாக எழுதிய மூன்று விமர்சனங்களை வாங்கிப் படியுங்கள். கேம் தெரியாவிட்டாலும் உங்களுக்குப் புரியும்.

“கிராபிக்ஸ் செம, கதை சூப்பர், பத்துக்கு ஒன்பது” என்று இருந்தால் விளையாடியிருக்கிறான், அவ்வளவுதான். “எட்டு ஜிபி ரேம் லேப்டாப்பில் மீடியம் செட்டிங்கில் ஓட்டினேன். தெருவில் 60 பிரேம், சந்தைக்குள் நுழைந்ததும் 35. நிழலைக் குறைத்தால் 50 வருகிறது. சப்டைட்டில் எழுத்தைப் பெரிதாக்க வழியில்லை” என்று இருந்தால் உழைத்திருக்கிறான். பிரேம் என்பது திரையில் மாறிக்கொண்டே வரும் ஒவ்வொரு படம். நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒரு படம் 16.7 மில்லிசெகண்ட் நிற்கும். 30 என்றால் 33.3. பட்டனை அழுத்தியபின் பாத்திரம் அசைய ஆகும் தாமதத்தைக் கை உணர்வது இந்த இடைவெளியில்தான். சராசரி பிரேமை மட்டும் எழுதினால் போதாது. சராசரி 55 இருந்தும் நடுநடுவே திக்கும் கேம்கள் உண்டு. அதைப் பிடிக்க ‘ஒரு சதவீத லோ’ அளவையும், அதாவது மிக மெதுவாக ஓடிய ஒரு சதவீதப் பகுதியின் பிரேம் கணக்கையும், குறிக்க வேண்டும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருள் இந்த எண்களைக் காட்டும்.

எந்தக் கருவியில் விளையாடினான் என்று எழுதாத விமர்சனத்தை நம்பிக் காசு போடக் கூடாது. 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 என்ற கேம் வந்தபோது விமர்சகர்களுக்கு முன்கூட்டித் தரப்பட்டது கம்ப்யூட்டர் பதிப்பு மட்டுமே. அந்தப் பாராட்டை நம்பிப் பழைய பிளேஸ்டேஷன் 4க்கு வாங்கியவர்களுக்குக் கிடைத்தது அடிக்கடி உறைந்து நின்ற கேம். சுமார் ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்தது. மறுபடி வைத்தது 2021 ஜூனில்.

இனி பணம். கார்டு எண்ணை அவன் கணக்கில் சேமித்து வைக்காதீர்கள். கம்ப்யூட்டர் கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் 2024 முதல் ‘ஸ்டீம் ஃபேமிலிஸ்’ வசதி இருக்கிறது. ஒரே வீட்டில் ஆறு பேர் வரை சேரலாம். பிள்ளை கார்ட்டில் போட்டதை உங்களுக்கு அனுப்புவான். நீங்கள் பார்த்துச் சம்மதித்துப் பணம் கட்டலாம். விளையாடும் நேரத்துக்கும் அங்கேயே வரம்பு வைக்கலாம். வெளி இணையதளங்களில் பாதி விலைக்கு விற்கும் ‘கீ’களை (கேமைத் திறக்கும் குறியீடுகளை) வாங்க விடாதீர்கள். திருட்டுக் கார்டில் வாங்கிய கீ என்று பின்னால் தெரிந்தால் கேம் பறிபோகும், பணமும் திரும்பாது.

வாங்கிய 14 நாளுக்குள், விளையாடியது இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். பலர் கோட்டை விடுவது ஒரு சின்ன விஷயத்தில். மெனுவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் அந்தக் கடிகாரம் ஓடும். முதல் முறை திறக்கும்போது ஷேடர் (ஒளி, நிழலை வரையும் சிறு நிரல்கள்) தயாராகும் நேரமும் சேரும். ஆகவே முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் சோதனையை முடிக்க வேண்டும்: நெரிசலான ஒரு காட்சியில் பிரேம், பட்டன்களை மாற்றிக்கொள்ளும் வசதி, சேவ் ஆகிறதா, எழுத்து படிக்க முடிகிறதா. பிளேஸ்டேஷன் கடையில் விதி கடுமை. டவுன்லோடு தொடங்கிவிட்டால் பொதுவாகப் பணம் திரும்பாது.

ஸ்டீமின் இரண்டு மணி நேர விதியில் ஒரு நேர்மைக் கேள்வியும் இருக்கிறது. 2023இல் வந்த ‘வெண்பா’ என்ற கேம், தமிழ்நாட்டிலிருந்து கனடா போன ஒரு குடும்பத்தின் கதை. அம்மாவின் பழைய சமையல் நோட்டில் அழிந்துபோன வரிகளை யூகித்து இட்லி அவிப்பதுதான் அதில் விளையாட்டு. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக கேம் விருது அதற்குக் கிடைத்தது. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முழுக்க ரசித்து முடித்துவிட்டு ரீஃபண்ட் கேட்க விதி இடம் கொடுக்கிறது. அப்படிச் செய்கிறவன் அதை விமர்சிக்கத் தகுதியானவன் இல்லை என்பது என் உறுதியான கருத்து. அதை அவனிடம் பேசிப் பாருங்கள். அவன் சொல்லும் பதிலில் நிறைய தெரியும்.

நிறுவனம் இலவசமாகக் கொடுத்த கேம் என்றால் விமர்சனத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். சூதாட்ட ஆப்களின் விளம்பரம் தேடி வந்தால் தொடவே கூடாது. 2025இல் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்ததோடு, அவற்றை விளம்பரப்படுத்துவோருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்றும் சொல்கிறது.

வேலைக்கு வருவோம். தமிழில் கேம் விமர்சனம் எழுதி மட்டும் மாதச் சம்பளம் வாங்கலாம் என்று நம்பி ஒரு பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஆனால் அந்தப் பழக்கம் கேம் டெஸ்டிங், கேம் டிசைன் இரண்டுக்கும் நேரடியாக உதவும். பெங்களூரு, புனே, மும்பையில் பெரிய ஸ்டுடியோக்கள் இருக்கின்றன. டெஸ்டிங் வேலைக்குப் போனால் கேட்பது ஒரு பிழையை எப்படி எழுதுகிறாய் என்றுதான். “கேம் நின்றுவிட்டது” என்றால் டெவலப்பருக்குப் பயனில்லை. எந்த பில்ட் (கேமின் எந்தப் பதிப்பு), எந்தக் கருவி, எந்தெந்தப் படிகளில் செய்தால் வருகிறது, என்ன நடக்க வேண்டும், என்ன நடந்தது, பத்து முறை செய்தால் எத்தனை முறை வருகிறது என்று எழுத வேண்டும். இதை இப்போதே போனில் இருக்கும் ஏதாவது ஒரு இலவச கேமை வைத்துப் பழகலாம். ஒரு ரூபாய் செலவில்லை. விமர்சனத்தோடு, கேம் உருவாக்க உதவும் கோடோ என்ற இலவச மென்பொருளில் அவனே செய்த ஒரு சின்ன கேமும் இருந்தால் நேர்முகத்தில் பேச விஷயம் இருக்கும்.

டிசைன் பக்கம் போக விரும்பினால், ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் பி.டெஸ் என்ற டிசைன் பட்டப்படிப்பில் சேர யூசீட் என்ற நுழைவுத் தேர்வு உண்டு. எந்தப் பிரிவில் பிளஸ் டூ படித்தவரும் எழுதலாம். பட்டம் முடித்தபின் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யின் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைனில் எம்.டெஸ் என்ற முதுகலைப் படிப்பு இருக்கிறது. கணக்கும் கோடிங்கும் பிடிக்கும் பிள்ளை என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸே போதும்.

யூசீட் ஜனவரியில் நடக்கும், மார்ச்சில் பொதுத்தேர்வு. அதனால் இந்த ஆண்டு அறுபது மணி நேரம் இழுக்கும் பெரிய கேம் எதுவும் வேண்டாம். ஐந்தாறு மணி நேரத்தில் முடியும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, விடுமுறையில் விளையாடி, எழுநூறு வார்த்தைக்குள் எழுதட்டும். ஆசைப்படும் பெரிய கேமை விஷ்லிஸ்ட்டில் போட்டு வைக்கட்டும். ஸ்டீமின் கோடைத் தள்ளுபடி பெரும்பாலும் ஜூன் கடைசியில் வரும். அதற்குள் அவன் ரிசல்ட்டும் வந்திருக்கும்.