ஊரில் பழைய வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். தீ விபத்து வராமல் தடுக்கவும், வந்தால் தப்பிக்கவும் என்ன செய்து வைக்க வேண்டும்?

நீங்களும் எங்களை மாதிரிதான் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில், அத்தனை பெரிய வீட்டில் ஒற்றை மனுஷி. தீயணைப்புக் கருவி எங்கே வாங்கலாம் என்று தேடும் முன் ஒன்று பாருங்கள். உங்கள் பின்வாசல் சாவி யாரிடம் இருக்கிறது?

எங்கள் வீடு தேவகோட்டைப் பக்கம். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஆறு பங்கு. ஆளுக்கொரு அறையைப் பூட்டிக்கொண்டு போனது போதாதென்று, பின்வாசலுக்கும் ஒரு பங்காளி பூட்டுப் போட்டுவிட்டார். சாவி கோயம்புத்தூரில். ஆத்தா, அதாவது என் அம்மா, பின்கட்டில் அடுப்படிக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்வார்.

மூன்று வருஷம் முன்னால், பொங்கலுக்குப் போயிருந்தேன். நான் முன்பக்கக் கூடத்தில், பட்டாலை என்போம், அங்கே படுத்திருந்தேன். ராத்திரி ரெண்டு மணி வாக்கில் ஓலை கருகும் வாடை. எழுந்து பார்த்தால் இரண்டாம் கட்டு முழுக்கப் புகை. சாமி வீட்டில் எரிந்துகொண்டிருந்த காமாட்சி விளக்கின் திரியை எலி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. எண்ணெயில் ஊறிய திரி அதற்குத் தின்பண்டம். பக்கத்து அறையில் ஐம்பது வருஷத்துப் பனையோலைக் கொட்டான், தடுக்கு, இலவம்பஞ்சு மெத்தை. கேட்கவா வேண்டும்.

முதலில் முகப்பில் இருந்த மெயினை இறக்கினேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் சரியாகச் செய்தது. தீயணைப்புக்கு 101இல் சொல்லிவிட்டு உள்ளே ஓடப் பார்த்தால் நடையைத் தாண்ட முடியவில்லை. குனிந்து போனேன், துண்டை நனைத்து மூக்கில் கட்டிப் போனேன், ரெண்டு தரமும் திரும்பி வந்தேன். ஈரத்துண்டு புகையின் நஞ்சைத் தடுக்காது என்று பிறகுதான் தெரிந்தது. ஆத்தா பின்கட்டு முற்றத்தில் நின்று, “நீ உள்ள வராதப்பா, நான் வெளியிலதான் நிக்கிறேன்” என்று கத்துகிறார். வெளியில் என்றால் முற்றத்தில். தெருவுக்குப் போக வழியில்லை.

பின்தெரு டீக்கடைத் தம்பி கடப்பாரையோடு வந்து பூட்டை உடைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. பர்மாத் தேக்குக் கதவு, பித்தளை நாதாங்கி, அந்தக் காலத்துப் பூட்டு. திருடனுக்காகச் செய்தது எங்களைத்தான் நிறுத்தியது. தீயணைப்பு வண்டி வருவதற்குள் அக்கம்பக்கத்தார் கிணற்றுத் தண்ணீரிலேயே பாதியை அடக்கிவிட்டார்கள். தேக்கு வாசற்கால் மேலாகக் கருகியதோடு சரி.

ஆத்தாவைக் காப்பாற்றியது திறந்த முற்றம். புகை அது வழியாக மேலே போய்விட்டது. குரங்குத் தொல்லைக்காக முற்றத்தை ஷீட் போட்டு மூடச் சொல்லிச் சித்தப்பா அதற்கு முந்தின வருஷம்தான் சண்டை போட்டார். மூடியிருந்தால் இந்தப் பதிலை வேறு மாதிரி எழுதியிருப்பேன். குரங்குக்குக் கம்பி வலை போதும்.

விளக்கேற்றுவதைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். எங்கள் வீட்டில் இன்றைக்கும் எரிகிறது. தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் வைத்து, படுக்கப் போகும் முன் ஆத்தா பூவால் குளிர வைத்துவிடுகிறார். ஓலைச் சாமானெல்லாம் வேறு அறைக்குப் போய்விட்டது.

பூட்டை உடைத்த டீக்கடைத் தம்பிக்குக் கையில் கொப்புளம். ஒருத்தர் பற்பசையோடு ஓடி வந்தார், இன்னொருத்தர் மாவோடு. இரண்டும் கூடாது. குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அடுப்பில் எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பை அணைத்து மூடியால் மூடச் சொல்லுங்கள். கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்துவிட்டு, வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906க்குப் போன். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். ரப்பர் குழாயை ஐந்து வருஷத்துக்குள் மாற்றிவிடுங்கள்.

இன்னொன்றைச் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. சினிமா ஷூட்டிங்குக்கு வீட்டை விட்டால் வாடகையில் ஆறு பங்கும் பைசா சுத்தமாகப் பிரியும். மரப்பட்டியில் ஆணியடித்த பழைய ஒயரிங்கை மாற்றலாம் என்றால் ஆறு பேருக்கும் காது கேட்காது. பீங்கான் பியூஸில் தடிமனான செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். லோடு ஏறினால் பியூஸ் போகாது, ஒயர்தான் எரியும். ஷூட்டிங்காரர்களைச் சொல்லவில்லை, அவர்கள் ஜெனரேட்டரோடு வருகிறார்கள். உடைத்த பூட்டுக்கு யார் பொறுப்பு என்று மட்டும் குடும்ப வாட்ஸ்அப்பில் கேள்வி வந்தது.

பின்வாசலுக்கு இப்போது உள்தாழ்ப்பாள் மட்டும்தான். ஒயரிங்கை, முன்னோருக்குப் படைப்பு வைக்கக் குடும்பம் கூடும்போது பேசலாம் என்கிறார்கள். அதுவரை ஆத்தா புழங்கும் கட்டுக்கு மட்டும் என் கைக்காசில் தனி லைன் இழுத்து, லோடு ஏறினால் தானே விழும் எம்.சி.பி.யும், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.