ஷெர்கோட்டைட் ஜோடியா? விற்பவர் சொல் போதாது

மொராக்கோவின் எர்ஃபூதில் வாங்கிய 38 கிராம் விண்கல், ஏற்கெனவே பதிவான ஷெர்கோட்டைட் வகைச் செவ்வாய்க் கல்லின் ஜோடி, அதாவது அதே வீழ்ச்சியில் விழுந்த இன்னொரு துண்டு என்று விற்பவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் தந்த என்டபிள்யூஏ எண்ணை (வடமேற்கு ஆப்பிரிக்க விண்கற்களுக்கான பதிவு எண்) இப்போதைக்கு எங்கும் போடாதீர்கள். அந்த எண் சோதிக்கப்பட்ட கல்லுக்கு மட்டுமே. உங்களுடையதைத் தனியாகப் பதிய வேண்டும்.

பதிவுக்கு ஒப்படைக்க வேண்டிய மாதிரி 20 கிராம் அல்லது மொத்த எடையில் 20%, எது குறைவோ அது. உங்களுக்கு 7.6 கிராம். அறுக்கும்போது கத்தியின் தடிப்பளவு கல் தூளாகிவிடும், அதனால் மெல்லிய வைரக் கத்தியே கேளுங்கள். நியோடிமியம் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோகவே வேண்டாம், கல்லின் பழைய காந்தப் பதிவு அழிந்துவிடும்.

மெருகிட்ட துண்டில் மைக்ரோபுரோப் (எலக்ட்ரான் கற்றையால் வேதியியலை அளக்கும் கருவி) வைத்து பைராக்சீன் கனிமத்தின் இரும்பு-மாங்கனீசு விகிதத்தை அளப்பார்கள். நிலவுக் கல் என்றால் 60-ஐ ஒட்டி வரும், செவ்வாய் 30-40. சிக்கல் என்னவென்றால் யூக்ரைட்டும் (சிறுகோளிலிருந்து வந்த எரிமலைக் கல்) 30-ஐ ஒட்டியே வரும். பிளேஜியோகிளேஸ் கனிமம் மோதல் அதிர்ச்சியில் முழுக்கக் கண்ணாடியாகி மாஸ்கெலினைட் ஆகியிருந்தால் செவ்வாய்ப் பக்கம் சாயலாம். முடிவு ஆக்சிஜன் ஐசோடோப்பில்தான். பூமிக் கற்களின் கோட்டிலிருந்து செவ்வாய்க்கு ஆக்சிஜன்-17 விலகல் ஆயிரத்துக்கு சுமார் +0.3, யூக்ரைட்டுக்கு −0.24. விரிசலில் பாலைவனக் கால்சைட் படிந்திருக்கும். அமிலத்தில் கழுவாமல் அளந்தால் எண் பிசகும்.

ஜோடி என்று சொல்ல இழையமைப்பும், பைராக்சீனின் நடு-விளிம்பு வேதியியலும் பொருந்த வேண்டும். ஸ்ட்ரான்சியம், பேரியத்தை நம்பாதீர்கள், மண்ணிலிருந்து ஏறியிருக்கும். காஸ்மிக் கதிர்வயது (விண்வெளியில் கதிர்பட்ட காலம்) ஒத்துப்போனாலும் செவ்வாயிலிருந்து ஒன்றாகக் கிளம்பியிருக்கலாம் என்றுதான் அர்த்தம், இங்கே ஒன்றாக விழுந்தன என்றல்ல.