கேளுங்க அக்கா: அப்பா கையெழுத்த மகனே போட்டா?

கேள்வி: பையன் அஞ்சாவது படிக்கிறான். வீட்டுக்காரர் ரொம்ப ஸ்ட்ரிக்ட், அவர் பைக் சத்தம் தெருமுனைல கேட்டாலே டிவி ஆஃப் ஆயிடும். நான் அப்படியே நேர் எதிர், பாவம் புள்ளன்னு எல்லாத்தையும் மூடி மறைச்சிருவேன். போன வாரம் பேக்க தொவைக்க எடுத்தப்ப ஜாமெட்ரி பாக்ஸுக்குள்ள எட்டா மடிச்ச கணக்கு பேப்பர், 25-க்கு 9, கீழ அவங்க அப்பா கையெழுத்து. அவனே போட்டிருக்கான். இன்னும் அவர்கிட்ட சொல்லல. இதுக்கு காரணம் அவர் கண்டிப்பா, என் செல்லமாக்கா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: ரெண்டும் தான்மா, கோவிச்சுக்காதீங்க. 28 வருஷம் டீச்சரா இருந்தவ நான், கள்ளக் கையெழுத்து எத்தனையோ பார்த்தாச்சு. அந்த ஒரு கையெழுத்துக்காக ரஃப் நோட்டோட கடைசி பக்கத்துல எத்தனை தடவை போட்டுப் பார்த்திருப்பான்னு யோசிங்க, அதுல பாதி உழைப்பு பின்னக் கணக்குக்கு போயிருந்தா 15 தாண்டியிருப்பான்! சிரிப்பா இருந்தாலும் விஷயம் அங்க தான் இருக்கு. அப்பாகிட்ட காட்டினா அடி, அம்மாகிட்ட காட்டினா பேப்பர் பீரோவுக்கு அடியில போயிடும், ஆனா இந்த 9 ஏன்டா வந்துச்சு, எந்த கணக்கு புரியலன்னு ரெண்டு பேருமே கேக்கப் போறதில்லன்னு அவனுக்கு தெரிஞ்சு போச்சு.

1960-கள்ல அமெரிக்காவுல பெர்க்லியில டயானா பாம்ரிண்ட்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர், நர்சரி ஸ்கூல் போற பிள்ளைங்களையும் அவங்கள பெத்தவங்களையும் பக்கத்துல இருந்து கவனிச்சு, வளர்ப்ப மூணா பிரிச்சாங்க. 'நான் சொன்னா சொன்னது தான், ஏன்னு கேக்காத' ஒண்ணு. 'உன் இஷ்டம் ராசா' இன்னொண்ணு. மூணாவது வீட்டுல ரூல் உண்டு, அந்த ரூல் எதுக்குன்னு காரணமும் சொல்லுவாங்க, பிள்ளை எதிர்த்துப் பேசினா காது குடுத்து கேப்பாங்க, ஆனா முடிவு பெத்தவங்களோடது. பெரும்பாலான ஆராய்ச்சியில இந்த மூணாவது வீட்டுப் பிள்ளைங்க தான் தைரியமாவும் பொறுப்பாவும் வர்றாங்க. 1983-ல எலினோர் மக்கோபியும் ஜான் மார்ட்டினும் நாலாவதா ஒண்ண சேர்த்தாங்க, ரூலும் இல்ல பாசமும் இல்ல, கண்டுக்காமலே விட்டுடுறது. பிள்ளை ரொம்ப பாதிக்கப்படுறது அந்த வீட்டுல தான். உங்க வீடு அது இல்ல, நிம்மதியா இருங்க.

இதுல நமக்கு வேண்டியது என்னன்னா, கண்டிப்பும் பாசமும் ஒரே தராசோட ரெண்டு தட்டு இல்ல, ஒண்ணு ஏறினா இன்னொண்ணு இறங்கியே ஆகணும்னு எதுவும் கெடையாது. நீங்க ரெண்டு பேரும் சொத்து பாகம் பிரிக்கிற மாதிரி கண்டிப்பு அவருக்கு, பாசம் உங்களுக்குன்னு பிரிச்சுக்கிட்டீங்க, இப்ப அவர் கத்துறாரேன்னு நீங்க செல்லத்த கூட்ட, நீங்க செல்லம் குடுக்குறீங்களேன்னு அவர் சத்தத்த கூட்ட, பையன் எந்த கவுண்டர்ல கூட்டம் கம்மின்னு பார்த்து நிக்க கத்துக்கிட்டான்.

வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, கண்டிப்பா சொல்லுங்க, ஆனா பையன் தூங்கினதுக்கு அப்புறம், கை நீட்டக் கூடாதுன்னு வாக்கு வாங்கிட்டு. அதுக்கு முன்னாடியே பையன்கிட்ட 'அப்பாகிட்ட இத சொல்லப் போறேன், நீ பேசும்போது நான் பக்கத்துல இருப்பேன்'னு சொல்லிடுங்க, பின்னால போய் போட்டுக் குடுத்த மாதிரி ஆகக் கூடாது. கையெழுத்து போட்டதுக்கு தண்டனை வேணும் தான், டீச்சர்கிட்ட அவனே போய் ஒத்துக்கணும், அது போதும். அந்த தப்பான கணக்குங்கள ஞாயித்துக்கிழமை அவங்க அப்பாவே பக்கத்துல உக்காந்து போட்டுக் குடுக்கட்டும். பைக் சத்தத்துக்கு வேற அர்த்தம் வர கொஞ்ச நாள் ஆகும், அவசரப்படாதீங்க.

கேள்வி: அடிச்சு வளர்க்காத பிள்ளையும் ஒடிச்சு வளர்க்காத முருங்கையும் உருப்படாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? நாங்கல்லாம் பெல்ட் அடி வாங்கி வளர்ந்தவங்க தான், நல்லா தானே இருக்கோம்?
- வாசகர், மதுரை

பதில்: முருங்கை வளர்த்திருக்கீங்களா தம்பி? இடுப்பு உசரம் வந்ததும் நுனிய கிள்ளி விடுவாங்க, பக்கக் கெளை வரும், காய் கைக்கு எட்டும். ஆபீஸ்ல மேனேஜர் திட்டின கோவத்துல வந்து யாரும் முருங்கைய ஒடிக்கிறதில்ல.

நல்லா தானே இருக்கோம்னு சொல்றீங்க, சந்தோஷம். உங்க அப்பா போன் பண்ணா எத்தனை நிமிஷம் பேசுறீங்க? சாப்டியா, சாப்ட்டேன், இந்தா அம்மாகிட்ட குடுக்குறேன், அவ்வளவு தானே?

2009 கல்வி உரிமைச் சட்டம் ஸ்கூல்ல அடிக்கிறத தடை பண்ணிடுச்சு, வீட்டுலயும் அடிக்கக் கூடாதுன்னு ஸ்வீடன் 1979-லயே சட்டம் போட்டுச்சு. அதுக்காக கண்டிப்பே வேணாம்னு நான் சொல்லல. அமெரிக்காவுல இருக்குற சீனக் குடும்பங்கள பத்தி 1994-ல ரூத் சாவ்னு ஒருத்தர் எழுதினாங்க, அங்க அம்மாக்களோட கண்டிப்ப அடக்குமுறைன்னு எழுதிடக் கூடாது, கூடவே உக்காந்து பழக்குற அக்கறையும் அதுல இருக்குன்னு. நம்ம ஊருக்கும் அது பொருந்தும்னு தான் எனக்கு தோணுது. கூட உக்காருங்க, கண்டிங்க. பெல்ட் பேன்ட்லயே இருக்கட்டும்.

கேள்வி: ரெண்டு பொண்ணுங்களையும் ஒரே மாதிரி தான் வளர்த்தோம். பெரியவ யார்கிட்ட விட்டாலும் இருப்பா. சின்னவளுக்கு நாலு வயசு, கல்யாண மண்டபத்துக்கு போனா முந்தானைய விடமாட்டா, ஒரே அழுகை. என் வளர்ப்பு சரியில்லன்னு மாமியார் சொல்றாங்க.
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்க மாமியாருக்கு ஒரு சேதி. நியூயார்க்ல அலெக்ஸாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ்னு ஒரு டாக்டர் தம்பதி, 1956-ல ஆரம்பிச்சு நூத்துக்கு மேற்பட்ட கைக்குழந்தைங்கள வருஷக்கணக்கா கவனிச்சாங்க. சிலது பொறந்ததுல இருந்தே யார்கிட்டயும் ஒட்டும், சிலது எதுக்கெடுத்தாலும் கத்தும், சிலது மெதுவா சூடேறுற தோசைக்கல்லு மாதிரி. உங்க சின்னது மூணாவது ரகமா தெரியுது, அது வளர்ப்புக் கோளாறு இல்ல. அந்த குணத்துக்கு ஏத்த மாதிரி நீங்க வளைஞ்சு குடுக்குறீங்களா, இல்ல 'அக்காவ பாரு'ன்னு இடிக்கிறீங்களாங்கிறது தான் வளர்ப்பு.

அப்புறம் ஒரே மாதிரி வளர்த்தோம்னு எல்லாரும் தான் சொல்றோம், பெரியவளுக்கு தங்கச்சி பொறக்குற வரைக்கும் அம்மா முழுசா கெடைச்சிருப்பீங்க, சின்னவளுக்கு பொறந்த அன்னைக்கே பங்கு தான்.

அடுத்த கல்யாணத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போங்க. கூட்டம் சேர்றதுக்குள்ள மண்டபத்த ஒரு சுத்து காட்டுங்க, சமையக்கட்டு, மணமேடை, ஜூஸ் குடுக்குற எடம்னு எல்லாத்தையும். யாராவது சொந்தக்காரங்க கன்னத்த கிள்ள வந்தா நீங்க குறுக்க நில்லுங்க, யார் என்ன நெனச்சாலும் சரி. ரெண்டாவது பந்தி முடியுறதுக்குள்ள அவளே இடுப்ப விட்டு எறங்கலன்னா எனக்கு மறுபடி எழுதுங்க.