கூண்டுக் கம்பி விழாமல் பறவையைப் படம் எடுக்க

மண்டபத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "லீவுக்குப் பிள்ளைகளோடு வண்டலூர் போகிறோம். போன தடவை எடுத்த கிளிப் படங்களில் கம்பிதான் பளிச்சென்று இருக்கிறது, கிளி மங்கல். 55-250 லென்ஸ் வைத்திருக்கிறேன். வேறு வாங்க வேண்டுமா?"

வேண்டாம், காசை வையுங்கள். அந்த லென்ஸே போதும், நிற்கிற இடத்தை மாற்றினால் சரியாகிவிடும். ஜூமை 250 வரை இழுத்து, அபெர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, முழுசாகத் திறந்து (அந்த ஜூமில் f/5.6 தான் வரும்), தடுப்பைத் தாண்டாமல் கம்பியை எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கி நில்லுங்கள், பறவை கம்பியை விட்டு விலகிக் கூண்டின் நடுவே உட்காரும்வரை பொறுங்கள். கம்பி கரைந்துவிடும். கிளி கம்பியையே அலகால் கவ்வித் தொங்கினால் எந்த லென்ஸும் உதவாது, சும்மா வேடிக்கை பாருங்கள்.

அப்புறம் வெயில். வெயில் பட்ட கம்பி எவ்வளவு கரைந்தாலும் படம் முழுக்கப் புகை படர்ந்த மாதிரி வெளுத்துவிடும். நிழலான பக்கம் போங்கள், இல்லையென்றால் கூட வருகிறவரைக் குடை பிடிக்கச் சொல்லி லென்ஸுக்கு நேரே இருக்கும் கம்பியில் நிழல் விழ வையுங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது. கம்பிதான் மின்னும், பறவையும் மிரளும். ஃபோகஸை ஒற்றைப் புள்ளியில் வைத்துப் பறவையின் கண்ணில் பிடியுங்கள், கேமராவின் இஷ்டத்துக்கு விட்டால் கம்பியைத்தான் பிடிக்கும்.

பழகிப் பார்க்க வண்டலூர் எதற்கு? உங்கள் கரையில் வலை தொங்காத நாள் ஏது! வலைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அதன் பின்னால் நின்று, வள்ளத்தின் அணியத்தில் (முன்முனையில்) உட்கார்ந்திருக்கும் காக்காவை எடுங்கள். வலைக்கு ஒரு சாண் தள்ளி ஒரு படம், பத்தடி தள்ளி இன்னொன்று. முதல் படத்தில் வலையைத் தேட வேண்டியிருக்கும்.

பிள்ளைகள் கையில் கேமரா கிடைக்காவிட்டால் கால்விரல்களை எண்ணச் சொல்லுங்கள்: ஒரு காலில் நெருப்புக்கோழிக்கு இரண்டு, ஈமுவுக்கு மூன்று.

ராமேஸ்வரம் ரயிலில் வந்து தாம்பரத்தில் இறங்கினால் பூங்கா பக்கம்தான். காலையிலேயே உள்ளே போய்விடுங்கள், வெயில் ஏறினால் பறவைகள் ஒதுங்கிவிடும். செவ்வாய்க்கிழமை விடுமுறை, அன்றைக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.