பழைய அனலாக் மாடல் லோகோவில் டி.சி.சி. டிகோடரும் சத்தமும் நாமே பொருத்த முடியுமா?

தாராளமாக முடியும். டி.சி.சி. என்பது தண்டவாளம் வழியாக டிஜிட்டல் கட்டளை அனுப்பி மாடல் ரயில்களைத் தனித்தனியாக ஓட்டும் முறை. அந்தக் கட்டளையைக் கேட்டு மோட்டார், விளக்கு, சத்தம் எல்லாவற்றையும் இயக்கும் சின்ன சர்க்யூட்தான் டிகோடர். அதைச் செருக சாக்கெட் இல்லாத பழைய லோகோ என்று கேட்டிருக்கிறீர்கள். போன வருடம் நான் செய்ததும் அதுதான்: எச்.ஓ. அளவில், அதாவது 1:87-ல், செகண்ட் ஹேண்டில் வாங்கிய, அமெரிக்க ஆல்கோ கம்பெனியின் ஆர்.எஸ்.-11 டீசல் லோகோவின் மாடல்.

ஆல்கோவைத் தேடி வாங்கியதற்குக் காரணம் உண்டு. நான் வளர்ந்தது திருச்சி பொன்மலையில். அப்பா டீசல் ஷெட்டில் ஃபிட்டர். டபிள்யூ.டி.எம்.-2 என்ற நம் ரயில்வேயின் டீசல் வண்டிகள் ஐடிலில் தட்டிக்கொண்டு நிற்கும் சத்தத்தில்தான் நாங்கள் தூங்குவோம். அந்த வண்டியே ஆல்கோவின் வடிவமைப்பு. 1962-ல் முதல் வண்டிகள் அமெரிக்காவிலிருந்து வந்தன, பிறகு வாரணாசியில் கட்டினார்கள். அதில் இருப்பது 16 சிலிண்டர் 251 என்ஜின். ஆர்.எஸ்.-11-ல் அதே 251, 12 சிலிண்டர். தாளம் கொஞ்சம் மாறும், குரல் ஒன்றுதான். அதனால் டிகோடர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் வண்டியின் என்ஜின் சத்தம் அதில் இருக்கிறதா என்பதைத்தான். ஆல்கோ உடலுக்குள் வேறு கம்பெனி என்ஜின் உறுமினால் காதுக்கு உடனே தெரிந்துவிடும்.

ஆர்டர் போடுவதற்கு முன் ஒரு அளவு எடுங்கள். 12 வோல்ட் டி.சி. கொடுத்து, மோட்டார் தண்டில் இருக்கும் ஃப்ளைவீல் சக்கரத்தை ஒரு நொடி விரலால் பிடித்து நிறுத்தி, மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று மீட்டரில் பாருங்கள். எச்.ஓ. டிகோடர்கள் பெரும்பாலும் 1 ஆம்பியர் தாங்கும். அதற்கு மேல் இழுத்தால் முதலில் மோட்டாரைக் கவனிக்க வேண்டும்.

வயரிங் பயப்படும் விஷயமே இல்லை. வயர் நிறங்கள் பெரும்பாலான கம்பெனிகளுக்குப் பொது. சிவப்பு வலது தண்டவாளம், கறுப்பு இடது. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. வெள்ளை முன் விளக்கு, மஞ்சள் பின் விளக்கு, நீலம் விளக்குகளின் பொது பாசிட்டிவ். எல்.இ.டி. போட்டால் ஒவ்வொன்றுக்கும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வையுங்கள்.

நான் இடறியது இன்சுலேஷனில். பழைய அனலாக் வண்டிகள் பலவற்றில் மோட்டாருக்குள் கரண்டைக் கொண்டுபோகும் பிரஷ்களில் ஒன்று நேராக உலோகச் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, தொட்டுக்கொண்டிருக்கும். சேஸிஸ் வழியாகவே ஒரு பக்கத் தண்டவாளத்தின் மின்சாரம் மோட்டாருக்குப் போகும். அனலாக்கில் அது சரி. டி.சி.சி.-யில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்டேஜ் இருக்கிறது. அது டிகோடரின் மோட்டார் பக்கத்தில் நுழைந்தால் டிகோடர் செத்துவிடும். இதற்கு முன் வேறொரு வண்டியில் மீட்டர் வைத்துப் பார்க்காமல் பவர் கொடுத்தேன். ஒரு சின்னப் புகை, அவ்வளவுதான், மூன்று மாதம் சேர்த்த பணம் போனது. இப்போது டிகோடரைத் தொடுவதற்கு முன்பே, மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் சேஸிஸுக்கும், பிறகு சக்கரங்களுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கிறேன். எங்கேயும் பீப் வரக் கூடாது. மேல்மூடியை மாட்டி திருகு முடுக்கிய பிறகு இன்னொரு முறை. பிரஷுக்கு அடியில் சூடு தாங்கும் காப்டன் டேப், ஒவ்வொரு இணைப்புக்கும் ஹீட் ஷ்ரிங்க் டியூப். சாதாரண கறுப்பு இன்சுலேஷன் டேப் வேண்டாம். நம் ஊர் வெயிலில் பசை இளகி வழுக்கிவிடும்.

சத்தம் நன்றாக வருவது டிகோடரின் விலையைவிட ஸ்பீக்கரின் பெட்டியைப் பொறுத்தது. ஸ்பீக்கரின் முன்பக்கம் எழும் அலையும் பின்பக்கம் எழும் அலையும் எதிரெதிரானவை. பின்பக்கம் திறந்திருந்தால் இரண்டும் கலந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிஞ்சுவது கொசு ரீங்காரம். 11-க்கு 15 மில்லிமீட்டர் சர்க்கரைக்கட்டி ஸ்பீக்கர் ஒன்றை எடுத்தேன். அதன் பின்னால் 1 மில்லிமீட்டர் ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டில் பெட்டி கட்டி, வயர் வெளியே வரும் ஓட்டை வரை பசையால் அடைத்தேன். அதுவரை கீச்சென்று இருந்தது, அடைத்ததும் நெஞ்சுக்குள் இறங்கியது. இடம் இருக்கும் அளவுக்குப் பெட்டியைப் பெரிதாகக் கட்டுங்கள். இதற்கு மட்டும் நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் செலவழித்தேன், மூன்றாவதும் செலவழித்திருப்பேன்.

இடம் மிஞ்சினால், கரண்ட் ஒரு கணம் அறுந்தாலும் டிகோடரைத் தாங்கும் ஸ்டே அலைவ் கெபாசிட்டர் ஒன்றும் வையுங்கள். தண்டவாளத்தில் தூசி இருக்கும் இடத்தில் என்ஜின் சத்தம் அறுந்து மறுபடி ஸ்டார்ட் ஆவதைவிட எரிச்சல் வேறில்லை.

முதல் ஓட்டம் புரோகிராமிங் தண்டவாளத்தில்தான், அதாவது டிகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் வைத்திருக்கும் தனித் தண்டவாளத்தில். அங்கே கரண்ட் குறைவு, தப்பு இருந்தாலும் டிகோடர் பிழைக்க வாய்ப்பு உண்டு. புது டிகோடரின் முகவரி, அதாவது வண்டியைக் கூப்பிடும் எண், 3. அதைப் படிக்க முடிந்தால் வயரிங் பெரும்பாலும் சரி. சவுண்ட் டிகோடர்களைச் சில சிஸ்டம்கள் அங்கே படிக்கத் திணறும். அதற்காக உடனே பிரித்துவிடாதீர்கள்.

எல்லாம் முடிந்து அப்பாவிடம் ஓட்டிக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "சத்தம் சரிப்பா. ஆனா வண்டி உடனே ஓடுது. நாட்ச் ஏத்தினா முதல்ல என்ஜின் முக்கும், டர்போ பிடிக்கும், கரும்புகை தள்ளும், அப்புறம்தான் வண்டி அசையும்" என்றார். நாட்ச் என்பது நிஜ வண்டியில் வேகக் கைப்பிடியின் ஒரு படி. சி.வி. என்பவை டிகோடரின் அமைப்பு எண்கள்: 3 வண்டி வேகம் பிடிக்கும் விதத்துக்கு, 4 வேகம் குறையும் விதத்துக்கு. அன்றிரவு சி.வி. 3-ஐயும் சி.வி. 4-ஐயும் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். சக்கரம் திரும்புவதற்கு முன்பே சத்தம் ஏறும் இடம் வந்ததும், "இதான், விடு" என்றார். அந்த எண்களை மாற்றவே இல்லை.